கற்பூரம் அணைத்த கை

புரட்டாசிச் சனிக்கிழமையில் கோழி அடிக்கச் சொன்னார்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அன்றைக்கே குமட்டிக்கொண்டு வந்துவிட்டது. மற்ற அருவருப்பெல்லாம் அதன் மேல் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததுதான்.

நயினாங்குப்பத்தில் புரட்டாசி முழுக்க எந்த வீட்டுச் சட்டியிலும் கவுச்சி ஏறாது. கருவாடு விற்கிறவன்கூட அந்த மாசம் சைக்கிளை ஊருக்குள் திருப்ப மாட்டான். சனிக்கிழமை என்றால் வாசல் மெழுகி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, துளசித் தண்ணீர் குடித்த பிறகுதான் களியோ சோறோ. அப்படிப்பட்ட நாளில் பஞ்சாயத்து பிரசிடெண்ட் தெய்வசிகாமணி வீட்டுக் கொல்லையில் நாட்டுக்கோழிகளைக் காலைக் கட்டிப் போட்டுவிட்டு, கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டுவிட்டார்கள். காரம் தூக்கலாகக் குழம்பு வைப்பதில் அவள் கை பேர்போனது. இன்ஸ்பெக்டர் வருகிறார், நல்லுறவுக் கூட்டம், வந்தவர்களைப் பட்டினி போட முடியுமா என்றார் தெய்வசிகாமணி. மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு அவள் குழம்பு வைத்தாள். ருசி பார்க்கவில்லை. உப்பைக் கண்ணால் அளந்து போட்டாள்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் துணி கட்டியிருந்தார்கள். 'காவல்துறை பொதுமக்கள் நல்லுறவுக் கலந்தாய்வுக் கூட்டம்'. கள்ளக்குறிச்சியில் சினிமாவுக்குத் தட்டி எழுதுகிறவன் எழுதியது. 'நல்லுறவு' என்ற சொல்லுக்கு மட்டும் சிவப்பில் நிழல் கொடுத்திருந்தான். அந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் கோழி ரத்தத்து நாற்றம் வருகிறது.

அந்த உறவு எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். எண்பத்தேழில் ஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சங்கம் அறிவித்த மறியல் ஒரு வாரம் நடந்தது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன, பஸ் ஒன்று எரிந்தது. சின்னசேலத்துக்குப் பிரசவத்துக்குப் போன வண்டி ஒன்று பாதியில் திரும்பி வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பக்கத்து ஊரில் காலனிக் கூரைகள் எரிந்தன. அதைப் பற்றி எவனும் எந்தச் சுவரிலும் துணி கட்டிக் கலந்து பேசவில்லை. மறியல் முடிந்த பிறகு போலீஸ் வந்தது. ஆண்கள் கிடைக்காத வீடுகளில் அவர்களுக்குப் பானைகள் கிடைத்தன. கேழ்வரகு மாவில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். நிலக்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கொளஞ்சியம்மாள் விதைக்கென்று சாம்பல் கலந்து கட்டி வைத்திருந்த மல்லாட்டையைத் தெருவில் கொட்டி பூட்ஸ் காலால் மிதித்துவிட்டுப் போனார்கள். மழை வந்ததும் அது தெருவிலேயே முளைத்தது.

அவளுடைய புருஷன் பொன்னுரங்கம் தெய்வசிகாமணியின் நிலத்தை வாரத்துக்கு உழுது விளைச்சலில் பங்கு அளக்கிறவர். உறவு முறையில் அவரை மாமா என்று கூப்பிடுவார். மாமா என்கிற வார்த்தை ஒன்றைத் தவிர அந்த நிலத்தில் அவருக்கு உரிமையான பொருள் எதுவும் இல்லை. ஒரே மகன் பகலவன். பத்தாவது முடித்துவிட்டு, ஆலைக்குக் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தான். மறியலில் அவனும் ஒரு மரம் வெட்டினான். ரம்பத்தை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து, எந்த மரம் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று காட்டியவன் தெய்வசிகாமணியின் மகன் இளஞ்செழியன். போலீஸ் வருவதற்கு முன்னாலேயே இளஞ்செழியன் சேலத்தில் அக்கா வீட்டுக்குப் போய் டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்துவிட்டான். பகலவனுக்கு டைப்ரைட்டிங் வகுப்பு கிடையாது. மலை இருந்தது. கரும்பு வெட்டுக் காலத்தில் கீழே இறங்கி வந்து இவர்களோடு வேலை பார்க்கிற சடையன் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் இருந்தான். பகலவன் அவனிடம் போய்ச் சேர்ந்தான்.

கூட்டத்துக்கு சவுண்டு சர்வீஸ்காரனிடமிருந்து மடக்கு நாற்காலிகள் வந்தன. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெய்வசிகாமணி தன் வீட்டுக் கூடத்திலிருந்த கை வைத்த தேக்கு நாற்காலியைத் தூக்கிவரச் சொன்னார். நிலமுள்ளவர்கள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார்கள், மற்றவர்கள் தரையில். பெண்கள் பின்னால் அடுப்புப் பக்கம் நின்றார்கள். காலனிக்குச் சொல்லிவிடவே இல்லை.

இன்ஸ்பெக்டர் மெல்லிய குரல்காரர். அதட்டவே தெரியாதவர் போலப் பேசினார். உத்தரவு போட வரவில்லை, கலந்து பேச வந்திருக்கிறேன், உங்கள் மனசில் இருப்பதை நீங்கள் சொல்ல வேண்டும் என்று தேக்கு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்து கேட்டார். மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாக எழுந்து மனசில் இருப்பதைச் சொல்லின. ஊருக்கு அவுட்போஸ்ட் வேண்டும் என்றது ஒன்று. மோட்டார் திருட்டு ஜாஸ்தி ஆகிவிட்டது என்றது இன்னொன்று. மண்ணெண்ணெய் ஊற்றிய மாவைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. அவர்கள் வீட்டு மாவில் ஊற்றவில்லை.

கடைசியில் தரையில் உட்கார்ந்திருந்த கொளஞ்சியப்பன் என்கிற கிழவர்தான் பசங்கள் ஊருக்குத் திரும்பலாமா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் அதற்குத்தான் காத்திருந்தார். வழக்கு என்று ஒன்று போட்டாயிற்று, ஆளே இல்லாமல் அதை முடிக்க முடியாது, நாலு பேர் ஸ்டேஷனுக்கு வந்து நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம், மற்றவர்களை யாரும் தேட மாட்டார்கள் என்றார்.

"அடிக்க மாட்டீங்கன்னு எத வெச்சி நம்பறதுங்க?" என்றார் கொளஞ்சியப்பன்.

தெய்வசிகாமணி எழுந்தார். "ஐயா நம்ம அய்யனாரு முன்னால கற்பூரம் அணைச்சிட்டாருன்னா ஊரு நம்பிடும்."

வரப்புத் தகராறோ, ஆடு காணாமல் போனதோ, பெண் விஷயமோ, எங்கள் பக்கம் எதுவானாலும் அப்படித்தான் முடியும். ஏரிக்கரை அய்யனார் முன்னால் கற்பூரத்தை ஏற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அது சத்தியம். எரிகிறதை யார் அணைத்தாலும் அந்தச் சொல் அவன் தலையில் ஏறிவிடும் என்பதால் விளையாட்டுக்குக்கூட யாரும் கையைக் கொண்டுபோக மாட்டார்கள். அணைத்தவனை அதன் பிறகு சந்தேகமாகப் பார்ப்பதும் தப்பு. இதில் ஒரு விஷயத்தை நாங்கள் யோசித்ததே இல்லை. சத்தியம் பண்ணினவன் மறுநாளும் இதே ஊரில்தான் இருப்பான். இதே கிணற்றில் தண்ணீர் இறைப்பான், செத்தாலும் இதே சுடுகாட்டுக்குத்தான் வர வேண்டும். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிற ஒருத்தன் அதுவரை அந்த அய்யனார் முன்னால் நின்றதே இல்லை.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். வெறுங்காலோடு ஏரிக்கரை வரைக்கும் நடந்தார். அதைப் பார்த்தே இரண்டு மூன்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வருகிற பிள்ளைகளை அடிக்க மாட்டேன், அடைக்க மாட்டேன், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவேன் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஓங்கி அடித்து அணைத்தார். கரி ஒட்டிய உள்ளங்கையைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார்.

அந்தக் கையைக் கழுவிக்கொண்டு வந்து கோழிக் குழம்பு சாப்பிட்டார். ஈரல் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள் என்று கேட்டு வாங்கினார். கொளஞ்சியம்மாள்தான் பரிமாறினாள்.

நாலு பேர் யார் என்பதை நாற்காலிக்காரர்கள் மட்டும் தெய்வசிகாமணி வீட்டுக் கூடத்தில் கலந்து பேசினார்கள். நாலுமே கூலி வீட்டுப் பிள்ளைகள். பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

"எளஞ்செழியன் பேரு வரலையா?" என்று கேட்டாள் கொளஞ்சியம்மாள்.

"அவன் ஏதோ பரீட்ச எழுதறானாம்."

"உன் வாயில இன்னா இருந்துது அப்போ?"

"மாமா சொல்றாரு. அவுரு முன்னால இன்னா பேசறது? நெலம் வோணுமா வோணாமா?" சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். "அதான் கற்பூரம் அணைச்சிட்டாரே. நீயுந்தான பாத்த."

பார்த்தாள். அதை அவளால் மறுக்க முடியவில்லை. குழம்பு நாற்றம் போக வைக்கோலும் சாம்பலும் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள். இளஞ்செழியன் விஷயம் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஆனால் அந்த உள்ளங்கைக் கரியை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

மகனைக் கூட்டிவர அவளே கிளம்பினாள். கச்சிராயபாளையம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து மலை ஏறுகிற பஸ். திங்கட்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு செம்மண் தண்ணீர் ரோட்டில் இறங்கி ஓடியது. பஸ்ஸில் ஆடு ஒன்று அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. வெள்ளிமலையில் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். சாமை கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. குருவி ஓட்டுவதற்காகப் போட்ட பரணில் ஒருவன் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாடி முளைத்திருந்தது. பக்கத்தில் போகிற வரைக்கும் அது தன் பிள்ளைதான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

சடையனின் பெண்சாதி சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டாள். சுட்ட மரவள்ளிக் கிழங்கைச் சடையன் உரித்து உரித்து வைத்தான். காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு இருந்தாலும் பகலவன் நன்றாகத்தான் சாப்பிட்டான். அதைப் பார்த்துக்கொண்டு அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"போலீசு கற்பூரம் அணைச்சிச்சா?" என்றான் சடையன்.

"எங்கண்ணால பாத்தன் சடையா. பூட்ஸ கழட்டி வெச்சிட்டு வெறுங்காலோட நடந்து வந்தாரு."

"கழட்டன பூட்ஸ மறுபடியும் மாட்டிக்கினாரா இல்லியா யக்கா?"

"இன்னா பேச்சு இது? மாட்டாம எப்டிப் போவாரு?"

"இல்ல, கேட்டன்." சடையன் கிழங்கை ஊதினான். "எங்களாண்டயும் வருவாங்க. சாராயம் காச்சறீங்கன்னு வருவாங்க, மரம் வெட்டறீங்கன்னு வருவாங்க. எப்ப வந்தாலும் புது மூஞ்சி. போன வாட்டி வந்தவரு இப்டி சொன்னாரேன்னா, அது அவுரு, எனக்குத் தெரியாதும்பாங்க. அதனால நாங்க சத்தியம் கேக்கறதில்ல. கேட்டா சாமிக்குத்தான் கெட்ட பேரு."

மலைக்காரன் எதற்கெடுத்தாலும் பயப்படுவான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பகலவன் வெளியே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மழை விட்டு, பனி மாதிரி மேகம் சாமைக் கொல்லைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"யம்மா, அறுப்பு முடியற வரைக்கும் இங்கயே இருந்துடறன். சடையண்ணனுக்கும் ஆளு வோணும்."

"நீ வரலன்னா உங்கப்பனுக்கு நெலம் போவும்டா. அவுரு வாயத் தொறந்து சொல்லல. எனக்குத் தெரியும்."

"நான் வெட்டனது ஒரு மரம். பஸ்ஸு எரிஞ்ச எடத்துக்கே நான் போவல. அத அப்டியே எழுதிப்பாங்களா?"

"எழுதிக்கினு அன்னிக்கே அனுப்பிடுவாங்க. ஊரு பூரா கேட்டுகினு இருக்கசொல்ல சொன்னாருடா. கையில கரி ஒட்டிகினு இருந்துது."

அவன் கொஞ்ச நேரம் காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தான்.

"உனக்கு நம்பிக்க இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப வரன்," என்றான்.

அவன் போலீஸை நம்பி இறங்கி வரவில்லை. அவளை நம்பி வந்தான். அந்த மலையில் அவனைத் தேடிப் பிடிக்க எந்த ஜீப்பாலும் முடிந்திருக்காது. ஆட்டுக்குட்டியைத் தழை காட்டி ஓட்டிவருகிற மாதிரி, சொந்தத் தாயே அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்றைக்கே கடைசி பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டார்கள். மறுநாள் காலையில் அவனுக்குச் சீயக்காய் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். தாடியை எடுக்கச் சொன்னாள். எழுதிக் கொடுக்கப் போகிறவன் ஒழுங்காகப் போக வேண்டும் என்று பொன்னுரங்கத்தின் வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு அவன் கிளம்பினான். நாலு பேரும் கூடவே பெற்றவர்களும் தெய்வசிகாமணியின் டிராக்டரில்தான் போனார்கள். மறியலுக்கு ரம்பம் ஏற்றிய அதே டிராக்டர்.

ஸ்டேஷன் படியில் சாமந்திப் பூ உதிர்ந்து வாடிக் கிடந்தது. யாருக்கோ மாலை போட்டிருக்கிறார்கள் என்று கொளஞ்சியம்மாள் நினைத்தாள். உள்ளே நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். தடித்த கழுத்து, நெற்றியில் புது விபூதி. தெய்வசிகாமணி துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு கூட்டம் நடந்ததையும் ஏரிக்கரையில் நடந்ததையும் சொன்னார். உட்கார்ந்திருந்தவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"யார் சத்தியம் பண்ணாரு?"

"இங்க இருந்த ஐயாதாங்க."

"அவரு மாத்தலாகிப் போயிட்டாரு. நேத்திக்குத்தான் பார்ட்டி குடுத்து அனுப்பினோம். அவரு பண்ண சத்தியத்த அவருகிட்ட போய்க் கேளுங்க. நான் எதையும் அணைக்கலையே."

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். பகலவன் திரும்பி அம்மாவைப் பார்த்தான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுக்கச் சொன்னார்கள். கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

தெய்வசிகாமணி வெளியே வந்து, டிராக்டருக்கு வேலை இருக்கிறது, நான் மேலே பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். ஸ்டேஷனுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் அவளும் பொன்னுரங்கமும் நின்றார்கள். உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பொன்னுரங்கம் கேட்க முடியாமல் டீக்கடைப் பக்கம் நகர்ந்து போனார். அவள் நகரவில்லை. நான்தானே கூட்டிக்கொண்டு வந்தேன், நான் கேட்கத்தான் வேண்டும் என்று நின்றாள்.

மரம் வெட்டியதோடு பஸ் எரித்ததையும் நாலு பேர் மேலும் எழுதி ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அவள் அங்கே போய்க் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பேசியபோது, அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவன் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டினான். இடது காது கேட்கவில்லை என்பது திரும்பி பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது. சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, "பரவால்ல" என்றிருந்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று அவனும் கேட்டிருந்தான்.

பொன்னுரங்கம் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தார். பழைய இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போன ஜில்லாவைக் கண்டுபிடித்து, பஸ் மாறிப் பஸ் மாறிப் போய் அவரைப் பார்த்தார். அவர் விரட்டவில்லை. உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பையன் பெயரைக் கேட்டு, அடடா என்றார். வந்து பொன்னுரங்கம் அதை அப்படியே அவளிடம் சொன்னார்.

"நான் இன்னா தப்பு பண்ணன் பெரியவரேன்றாரு. என் கை அந்தப் பையன் மேல பட்டுச்சான்றாரு. சத்தியத்த நான் மீறலயேன்றாரு."

"மாத்தலு வரப் போவுதுன்னு அவுருக்கு எப்பத் தெரியும்? அத கேட்டியா?"

"கேட்டன். அந்த வாரம் வியாழக்கெழமையே ஆர்டரு வந்துடுச்சாம். போறதுக்கு முன்னால உங்க ஊரு வெவகாரத்த சுமுகமா முடிச்சிட்டுப் போலாம்னு பாத்தேன்றாரு."

சனிக்கிழமை கற்பூரம். அதற்கு முந்தின வியாழக்கிழமையே ஆர்டர். கொளஞ்சியம்மாள் எழுந்து கொல்லைப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். வயிற்றில் கூழைத் தவிர ஒன்றும் இல்லை. அவளுக்குத் தொண்டை முழுக்க அந்த ஈரல் நாற்றம்தான் அடித்தது. பொய் சொன்னவனைக்கூட மன்னிக்கலாம். ஒரு பொய்யும் சொல்லாமல், சாமி குத்தமும் ஏறாமல், டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்புகிற அந்தச் சுத்தமான கையை நினைத்தால் எனக்கே இதை எழுதும்போது உடம்பு கூசுகிறது.

அதன் பிறகு அவள் வீட்டில் கற்பூரம் ஏற்றவில்லை. பொங்கலன்றும் ஏற்றவில்லை. கரும்பு வெட்டு தொடங்கியதும் கொடுவாளை எடுத்துக்கொண்டு போனாள். கரும்புத் தோகை கிழித்து முழங்கை வரைக்கும் கோடு கோடாக இருக்கும். அதில் உப்பு வேர்வை இறங்கினாலும் துடைக்க மாட்டாள். கூட வெட்டுகிற பெண்கள், உன்மேல் தப்பில்லை, ஊரே நம்பியதுதானே என்றார்கள். ஊர் கூட்டி வரவில்லை, நான்தான் கூட்டி வந்தேன் என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தை மாசக் கடைசியில் மறுபடியும் பள்ளிக்கூடத்துச் சுவரில் துணி ஏறியது. பழைய துணியேதான். தேதி இருந்த இடத்தில் மட்டும் வேறு துணியைத் தைத்திருந்தார்கள். இந்த முறை பெரிய அதிகாரி வருகிறார், ஊரில் நிரந்தரமாக ஒரு நல்லுறவுக் குழு அமைக்கப் போகிறார், அதில் ஒரு பெண்ணும் இருந்தாக வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு என்றார் தெய்வசிகாமணி. கொளஞ்சியம்மாளைத் தேடி அவரே கரும்புக் கொல்லைக்கு வந்தார்.

"நீ வந்து முன்னால உக்காந்தீன்னா பாதிக்கப்பட்டவங்களே நம்பறாங்கன்னு ஊருக்கு ஒரு தெம்பு வரும் கொளஞ்சி. ஜாமீனுக்கு அவுரு ஒரு வார்த்த சொன்னா போதும், பையன் வூட்டுக்கு வந்துடுவான்."

அவள் கரும்பை அடியில் வெட்டி, தோகையைச் சீவி, கட்டில் போட்டாள். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். அதுவரைக்கும் அவர் யார் பதிலுக்கும் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

"சரி மாமா, வரன்," என்றாள்.

பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவளுக்கு ஒரு புது ரவிக்கை தைக்கக்கூடச் சொன்னார். பையன் வந்துவிடுவான் என்று வாசலில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாமீன் என்கிற ஆசை அவளுக்கும் இருந்தது. அந்த ஆசையைக் காட்டித்தான் மறுபடியும் ஓட்டப் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் புரண்டாள்.

கூட்டத்தன்று தேக்கு நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து நடுவில் போட்டார்கள். அவளுக்கு மேடைக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஊர் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிகாரி வந்தார், கும்பிட்டார். பின்னால் தடித்த கழுத்து இன்ஸ்பெக்டரும் வந்து கும்பிட்டார். அதிகாரி நின்றபடியே இரண்டு வார்த்தை பேசிவிட்டு, முதலில் இந்தத் தாய் பேசட்டும், நாம் கேட்கத்தான் வந்திருக்கிறோம் என்றார். மைக்கை அவளிடம் நகர்த்தினார்கள்.

அவள் மைக்குப் பக்கம் போகவில்லை. தேக்கு நாற்காலிக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கட்டிக் கற்பூரத்தை எடுத்து, அதன் உட்காரும் பலகையின் நடுவில் வைத்தாள். தீப்பெட்டியும் முடிச்சிலேயே இருந்தது. பற்றவைத்தாள். அவள் என்ன செய்கிறாள் என்று புரிவதற்குள் கற்பூரம் நன்றாகப் பிடித்துக்கொண்டது.

"ஆளுங்க மாறிக்கினே இருக்கறீங்க," என்றாள் அதிகாரியைப் பார்த்து. குரல் ஏறவில்லை. "ஒருத்தரு சத்தியம் பண்றாரு, இன்னொருத்தரு அடிக்கறாரு. ரெண்டு பேரு மேலயும் தப்பில்லன்றீங்க. நாக்காலி மட்டும் எங்கயும் போவாம இருக்குது. இந்த வாட்டி அதையே சத்தியம் பண்ணச் சொல்லுங்க. எம்புள்ள மேல பஸ்ஸு எரிச்ச கேசு பொய்யின்னு சொல்லச் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா, இங்க இருக்கறவங்க யாரு வோணும்னாலும் அத சொல்லி அணைங்க."

பொன்னுரங்கம் தரையிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். தேக்கில் வார்னிஷ் பொரிந்து வாசனை கிளம்பியது. அணைங்கடா, நாற்காலி போகிறது என்றார் தெய்வசிகாமணி. ஒருத்தரும் அசையவில்லை. அவரே ஓடிவந்து கையை ஓங்கினார். ஓங்கின கை பாதியில் நின்றது. அவர் இந்த ஊர்க்காரர். அணைத்தால் கேசு பொய் என்று தானே சத்தியம் பண்ணினதாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். மெதுவாகக் கையை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார். தடித்த கழுத்து இன்ஸ்பெக்டர் அதிகாரியைப் பார்த்தார். யாரோ அதிகாரியின் காதில் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

கற்பூரம் எரிந்து தீர்கிற வரைக்கும் கொளஞ்சியம்மாள் அங்கேயே நின்று ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். அத்தனை பேர் இருந்த கூட்டத்தில் அணைப்பதற்கு ஒரு கைகூட வரவில்லை.